என்ஜிசி 6231: தேளின் வாலில் உள்ள இளம் கொத்தை விண்மீன் விண்மீனாகப் பார்ப்பது எப்படி?

விண்மீன் கொத்து பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு எல்லோரும் முதலில் காட்டுவது கார்த்திகைக் கூட்டம். நல்ல தொடக்கம்தான். ஆனால் கார்த்திகைக்கு வயது 10 கோடி ஆண்டு அளவில் ஆகிவிட்டது. மிகக் கனமான விண்மீன்கள் சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே எரிந்து முடிந்துவிடும் என்பதால், அந்த வகையில் ஒன்றுகூட இன்று அதில் இல்லை. அவற்றை இருக்கும்போதே பார்க்க வேண்டுமானால் ரொம்ப இளைய கொத்து ஒன்று வேண்டும். நம் வானத்தில் அதற்கு மிக வசதியானது விருச்சிகத்தின் வாலில் உள்ள என்ஜிசி 6231. (என்ஜிசி என்பது விண்மீன் கொத்துகள் போன்றவற்றின் ஒரு பட்டியல்.)

இதன் வயது 20 லட்சம் முதல் 70 லட்சம் ஆண்டுகள் வரை என்று வெவ்வேறு கணிப்புகள் சொல்கின்றன. தொலைவு ஏறத்தாழ 5,300 ஒளியாண்டு. மொத்தப் பொலிவெண் 2.6, அதாவது இருண்ட இடத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும். (பொலிவெண் குறையக் குறைய ஒளி கூடும். வெறுங்கண்ணின் எல்லை 6 என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

கொத்துகளைப் பார்க்கிற பலர், ஒரு ஒளித் திட்டைப் பார்த்து "அழகு" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். இந்தக் கொத்தை அப்படிப் பார்த்தால் முக்கியமானது தவறிப்போகும். இதில் பளிச்சென்று தெரியும் ஐந்தாறு விண்மீன்கள் கனமான விண்மீனின் வாழ்க்கையில் வெவ்வேறு கட்டங்களில் நிற்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொள்வதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

படி 1: காலமும் இடமும்

கொத்து வானில் தெற்கே தள்ளி இருக்கிறது. வான நடுக்கோட்டிலிருந்து கிட்டத்தட்ட 42 பாகை தெற்கு. அதனால் லண்டனில் அது எழுவதே இல்லை. டொராண்டோவில் அடிவானத்தை ஒட்டி நாலைந்து பாகை எழும், அது போதாது. பாரிஸிலிருந்து பட்டியல் போட்ட மெஸியேயின் கண்ணில் இது படாமல் போனதற்கும் காரணம் இதுதான். 1654-க்கு முன்பே இதைக் குறித்துவைத்தவர் சிசிலித் தீவின் வானியலாளர் ஹோடியெர்னா. அவருக்கு இது அடிவானத்திலிருந்து 11 பாகை உயரத்தில்தான் தெரிந்திருக்கும். சென்னையில் அதே கொத்து 35 பாகை உயரம் ஏறுகிறது, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் 38, கன்னியாகுமரியில் 40, சிங்கப்பூரில் 47. சிட்னிக்காரர்களுக்குத் தலைக்கு மேலேயே வந்துவிடும். நமக்குக் கிடைத்த இடம் நல்ல இடம்தான்.

எப்போது பார்ப்பது? கார்த்திகை மாதத்தில் தேட வேண்டாம். அப்போது சூரியனே விருச்சிகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அந்தச் சமயம்தான் என்பதால் பெரிய இழப்பில்லை. கொத்து நேர் தெற்கே உச்சிக்கு வரும் நேரங்கள் ஏறத்தாழ இவை: மார்ச் மூன்றாம் வாரத்தில் காலை 5 மணி, ஏப்ரல் தொடக்கத்தில் 4 மணி, ஜூன் தொடக்கத்தில் நள்ளிரவு, ஜூலை தொடக்கத்தில் இரவு 10, ஆகஸ்ட் தொடக்கத்தில் 8. உச்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னும் பின்னும் வசதியாகப் பார்க்கலாம்.

என் பரிந்துரை மார்ச், ஏப்ரல் விடியற்காலை. தூக்கம் கெடும், உண்மைதான். ஆனால் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவ மேகங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இருப்பவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. அந்த மாதங்கள் அங்கே வறண்ட காலம் என்பதால் மாலை நேரத்திலேயே பார்த்துவிடலாம்.

நிலா இல்லாத இரவு வேண்டும். அமாவாசையை ஒட்டிய ஒரு வாரம் நல்லது. தெற்குப் பக்கம் நகரம் இல்லாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊருக்குத் தெற்கே பெரிய ஊர் இருந்தால் அதன் ஒளி சரியாக இந்தக் கொத்தின் மேல் வந்து விழும். தெற்கே கடல் இருக்கும் கரையோ மலைப்பகுதியோ கிடைத்தால் மிகவும் நல்லது.

படி 2: வெறுங்கண்ணால் வழி பிடித்தல்

வெளியே வந்ததும் செல்பேசியை உள்ளே வைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நட்சத்திரப் படம் பார்க்க வேண்டுமென்றால் சிவப்பு வெளிச்சம் பயன்படுத்துங்கள். ஸ்டெல்லேரியம் போன்ற செயலிகளில் சிவப்புத் திரை வசதி இருக்கிறது.

தெற்கு நோக்கி நின்று முதலில் கேட்டையைப் பிடியுங்கள். விருச்சிகத்தின் நடுவில் செக்கச்செவேலென்று இருக்கும் விண்மீன் அது, தவற வாய்ப்பில்லை. அங்கிருந்து தேளின் உடல் கீழ்நோக்கி இறங்குகிறது. கையை நீட்டி முட்டியை மடக்கினால் அது ஏறத்தாழ 10 பாகை. கேட்டையிலிருந்து ஒன்றரை முட்டி கீழே இறங்கினால், வால் தூண்டில் முள் போல இடப்பக்கம், அதாவது கிழக்கே, திரும்பும் வளைவு வரும். அந்த வளைவின் தொடக்கத்தில் இருப்பது ஸீட்டா என்ற விண்மீன். அதற்கு அரைப் பாகை மேலே, நிலாவின் அகலம் அளவு தள்ளி, கொத்து இருக்கிறது. மூல நட்சத்திரம் என்று நாம் சொல்லும் பகுதியும் இந்த வால்தான்.

வழியில் ஒரு சோதனை. ஸீட்டாவுக்கு நாலு பாகை மேலே மியூ என்ற விண்மீன் இருக்கும். கூர்ந்து பார்த்தால் அது ஒன்றல்ல, ஒட்டி நிற்கும் இரண்டு. அவற்றை உங்கள் கண் பிரித்துக் காட்டினால் வானமும் கண்ணும் தயாராக இருக்கின்றன என்று பொருள். கொத்து ஒரு சிறிய மங்கல் திட்டாகத் தெரிய ஆரம்பிக்கும். நேராகப் பார்க்காமல் பார்வையைச் சற்றுப் பக்கத்தில் வைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

இருண்ட இடத்தில் ஸீட்டா தலையாகவும், கொத்தும் அதற்கு மேலே ஒரு பாகை தள்ளிச் சிதறிக் கிடக்கும் டிரம்ப்ளர் 24 என்ற இன்னொரு கூட்டமும் வாலாகவும் சேர்ந்து ஒரு வால்மீன் போலவே இருக்கும். "பொய் வால்மீன்" என்று இதற்கு ஒரு பட்டப்பெயரே உண்டு. முக்காலியில் வைத்த கேமராவில் 50 மிமீ லென்ஸ் போட்டு 10 நொடி திறந்தால் இது அழகாகப் பதியும். இரவுப் பயன்முறை உள்ள செல்பேசியையும் முயன்று பார்க்கலாம்.

படி 3: பைனாகுலர், பொய்யான பெரியவரும் உண்மையான பெரியவரும்

7×50 அல்லது 10×50 பைனாகுலர் போதும். கை நடுங்கும், அதனால் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொள்ளுங்கள். முக்காலியில் பொருத்த முடிந்தால் இன்னும் நல்லது. இந்தக் கொத்தைப் பொறுத்தவரை முதல் ஒரு மாதம் தொலைநோக்கியைத் தொடாமல் பைனாகுலரிலேயே இருங்கள் என்றுதான் சொல்வேன். மியூ, கொத்து, ஸீட்டா மூன்றும் ஒரே வட்டத்துக்குள் விழுகிற காட்சி தொலைநோக்கியில் கிடைக்காது.

முதலில் கொத்தை விட்டுவிட்டு ஸீட்டாவைப் பாருங்கள். அதுவும் இரண்டு. இடையே ஆறரை வில் நிமிட இடைவெளி. (ஒரு பாகையில் 60 வில் நிமிடம்.) கிழக்கே, இடப்பக்கம் இருப்பது ஸீட்டா2, ஆரஞ்சு நிறம், பொலிவெண் 3.6. வலப்பக்கம் இருப்பது ஸீட்டா1, நீலம் கலந்த வெள்ளை, பொலிவெண் 4.7. பார்த்தவுடன் ஆரஞ்சுதான் பெரியவர் போலத் தோன்றும்.

உண்மை நேர் எதிர். ஆரஞ்சு விண்மீன் 130 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் சாதாரணமான ஒன்று. கொத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, வழியில் குறுக்கே நிற்கிறது, அவ்வளவுதான். ஸீட்டா1 அதைவிட ஏறத்தாழ 40 மடங்கு தொலைவில் இருந்துகொண்டு இந்த அளவுக்கு ஒளிர்கிறது. கொத்தைச் சுற்றிப் பரந்திருக்கும் ஸ்கார்பியஸ் ஓபி1 என்ற பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது அது. நீல ஹைப்பர்ஜயன்ட் என்ற அபூர்வ வகை. சூரியனைப் போலப் பல லட்சம் மடங்கு ஒளி வீசுகிறது. நம் பால்வழியில் அறியப்பட்ட மிக ஒளிமிக்க விண்மீன்களில் ஒன்று.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஸீட்டா1-ஐ ஸீட்டா2 இருக்கும் தொலைவுக்குக் கொண்டுவந்தால், 40-இன் வர்க்கம் 1,600 மடங்கு ஒளி கூடும். பொலிவெண்ணில் அது 8 படி. 4.7 என்பது −3.3 ஆகிவிடும். நடுவில் இருக்கும் தூசி மறைக்கிற ஒளியையும் சேர்த்தால் வெள்ளிக் கோளையே மிஞ்சும். வானத்தில் எது பெரிது என்று கண்ணை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது என்பதை இந்த ஒரு ஜோடி காட்டும் அளவுக்கு வேறெதுவும் காட்டுவதில்லை.

அப்புறம் பைனாகுலரை மேலே நகர்த்திக் கொத்துக்கு வாருங்கள். ஒரு சிறிய இடத்தில் ஏழெட்டுப் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், பின்னால் மெல்லிய பனிப்படலம் போல மங்கிய விண்மீன்கள். நிறத்தைக் கவனியுங்கள். எல்லாம் நீலவெள்ளை. ஒரே ஒரு சிவப்போ ஆரஞ்சோ உள்ளே இல்லை. இதை நினைவில் வைத்திருங்கள், படி 6-இல் தேவைப்படும்.

படி 4: தொலைநோக்கி, ஐந்து பேரை அடையாளம் காணுதல்

3 அங்குலத்திலிருந்து 6 அங்குலம் வரை எந்தத் தொலைநோக்கியும் போதும். 40 மடங்கு முதல் 80 மடங்கு வரை உருப்பெருக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் கொத்து சிதறிவிடும்.

முதலில் திசையைத் தெரிந்துகொள்ள வேண்டும், இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள். தொலைநோக்கி வகையைப் பொறுத்துக் காட்சி தலைகீழாகவோ இடவலம் மாறியோ இருக்கும். நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: தொலைநோக்கியை அசைக்காமல் விட்டால் விண்மீன்கள் மேற்கு நோக்கி நகர்ந்து வெளியேறும். அவை வெளியேறும் விளிம்பு மேற்கு, புதிதாக உள்ளே வரும் விளிம்பு கிழக்கு. பிறகு குழாயை வடக்குப் பக்கம் லேசாக உயர்த்துங்கள். எந்த விளிம்பில் புதிய விண்மீன்கள் நுழைகின்றனவோ அது வடக்கு. இதை ஒரு தாளில் அம்புக்குறி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கொத்தின் மையம். எல்லாவற்றிலும் பொலிவாக ஒன்று தெரியும், பொலிவெண் ஐந்தரைக்கு அருகில். அது எச்டி 152234 (எச்டி என்பது ஒரு விண்மீன் பட்டியல்). நம் தொடக்கப் புள்ளி இதுதான். பி வகைப் பேருருவ விண்மீன், அதாவது பிறந்தபோது இருந்த கட்டத்தைத் தாண்டி ஏற்கெனவே வீங்கத் தொடங்கிவிட்டது. இதற்கு ஒரு வில் நிமிடம் வடக்கே, சற்றே கிழக்கே சாய்ந்து, மங்கலான துணை போல நிற்பது எச்டி 152233. அது ஓ வகை. ஓ வகை என்றால் மேற்பரப்பு வெப்பநிலை 30,000 கெல்வினுக்கு மேல். சூரியனின் மேற்பரப்பு 5,800 கெல்வின்தான்.

தொடக்கப் புள்ளியிலிருந்து தென்கிழக்கே இரண்டு வில் நிமிடம் நகருங்கள். பொலிவெண் 6-ஐ ஒட்டிய ஒரு விண்மீன் வரும், எச்டி 152248. இந்தக் கொத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இது, கொஞ்சம் நேரம் நில்லுங்கள். கண்ணுக்கு ஒற்றைப் புள்ளி. உண்மையில் இரண்டு ஓ வகை விண்மீன்கள், ஒவ்வொன்றும் சூரியனைப் போல ஏறத்தாழ 30 மடங்கு நிறை. இரண்டும் ஒன்றையொன்று 5.8 நாளில் சுற்றிவருகின்றன. இடைவெளி எவ்வளவு என்று கணக்கிட்டால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவில் கால் பங்குதான். நம் சூரியக் குடும்பத்தில் வைத்தால் இரண்டும் புதனின் பாதைக்குள் அடங்கிவிடும். சுற்றும்போது ஒன்றையொன்று மறைக்கின்றன, அதனால் ஒளி லேசாகக் குறைந்து கூடும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாத அளவு சிறிய மாற்றம்தான். ஆனால் கேமராவில் பல இரவுகள் எடுத்து அளந்தால் பிடிக்கலாம்.

இந்த ஜோடியிடம் ஒரு கடிகாரம் இருக்கிறது. சுற்றுப்பாதை சரியான வட்டம் இல்லை, நீள்வட்டம். அந்த நீள்வட்டமே மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது, ஆண்டுக்கு 1.84 பாகை வீதம். ஒரு முழுத் திருப்பத்துக்கு 200 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பது, விண்மீனுக்குள் நிறை எப்படி நடுவில் குவிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. வயதாக ஆக நடுவே குவிப்பு கூடும். ஆக, திரும்பும் வேகத்தை அளந்தால் வயதைச் சொல்லலாம். 2020-இல் வெளியான ஆய்வு இப்படிக் கணக்கிட்டு 50 லட்சம் ஆண்டுக்குச் சற்று மேல் என்று சொன்னது. கொத்தின் வயதுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

எச்டி 152248-இலிருந்து ஒன்றரை வில் நிமிடம் தெற்கே எச்டி 152249. ஓ வகைதான், ஆனால் பேருருவமாக வீங்கிவிட்டது. மறுபடி 152248-க்கே திரும்பி, இப்போது இரண்டு வில் நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகக் கிழக்கே போங்கள். அங்கே நிற்பது எச்டி 152270. பார்வைக்கு மற்றவை மாதிரியே சாதாரண வெள்ளைப் புள்ளி. வகையில் மற்றவற்றிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. வுல்ஃப்-ரயே விண்மீன் என்ற இனம், பட்டியலில் 79-ஆம் எண். கனமான விண்மீன் தன் வெளி அடுக்கான ஹைட்ரஜனை இழந்து, உள்ளே சமைந்த ஹீலியமும் கார்பனும் வெளியே தெரிய நிற்கும் கட்டம் இது. அடர்த்தியான காற்று நொடிக்கு 2,000 கிலோமீட்டர் அளவு வேகத்தில் இதிலிருந்து வீசிக்கொண்டிருக்கிறது. இதற்கும் ஓ வகைத் துணை ஒன்று உண்டு, 8.9 நாளில் சுற்றுகிறது. இந்த ஐந்து பேரில் முடிவுக்கு மிக அருகில் இருப்பது இதுதான்.

ஐந்தையும் தாளில் வரைந்து பெயர் எழுதுங்கள். அழகாக வர வேண்டியதில்லை, கோணமும் தூரமும் சரியாக இருந்தால் போதும். வரையும்போதுதான் கண் உண்மையில் பார்க்கத் தொடங்குகிறது.

இந்தக் கொத்தில் ஜோடிகள் இவ்வளவு அடிக்கடி வருவது தற்செயல் இல்லை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் ஹியூக் சானாவும் உடன் பணியாற்றியவர்களும் இங்குள்ள 16 ஓ வகை விண்மீன்களைச் சோதித்தார்கள். குறைந்தது 63 விழுக்காடு இரட்டைகள் என்று தெரிந்தது. 2012-இல் அதே குழு இன்னும் பெரிய அளவில், ஆறு கொத்துகளில் 71 ஓ வகை விண்மீன்களை எடுத்துப் பார்த்தபோது, கனமான விண்மீன்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் வாழ்நாளில் எப்போதாவது துணையோடு பொருளைப் பரிமாறிக்கொள்ளும் என்ற முடிவுக்கு வந்தது. தனியாகப் பிறந்து தனியாக முடியும் கனமான விண்மீன்தான் அபூர்வம்.

படி 5: நிறமாலையைப் பிரித்தல்

விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். எச்டி 152270 வேறு இனம் என்று நான் சொல்வதை நீங்களே சரிபார்க்க வழி இருக்கிறது. மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் உள்ள, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் விளிம்பு விலகல் தகடு, ஸ்டார் அனலைசர் 100 என்ற பெயரில் கிடைக்கிறது. அதைக் கேமராவின் முன்னால் வடிகட்டி போலத் திருகி மாட்டிப் படம் எடுத்தால், ஒவ்வொரு விண்மீனும் பக்கத்தில் ஒரு வண்ணப் பட்டையோடு பதியும். சாதாரண விண்மீனின் பட்டையில் இருண்ட கோடுகள்தான் இருக்கும். வுல்ஃப்-ரயேயின் பட்டையில் பளிச்சென்ற அகலமான கட்டிகள் நிற்கும். நீலத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, இரண்டும் கார்பனால் வருபவை. கொத்தில் பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று விழும் சிக்கல் உண்டு. தகட்டைச் சற்றுத் திருப்பித் திருப்பி எடுத்துப் பாருங்கள்.

இந்த இனத்தை 1867-இல் பாரிஸ் வானாய்வகத்தில் வுல்ஃபும் ரயேயும் கண்டுபிடித்தது, ஏறத்தாழ இதே போன்ற காட்சியைப் பார்த்துத்தான். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்புவும் வுல்ஃப்-ரயே விண்மீன்களை ஆராய்ந்தவர். இன்று அந்த ஆய்வகம் அவர் பெயரிலேயே இருக்கிறது.

படி 6: பக்கத்து வீட்டு முதியவர்களோடு ஒப்பிடுதல்

அதே வாலில், கொடுக்குக்கு மேலே இன்னும் இரண்டு கொத்துகள் இருக்கின்றன: மெஸியே பட்டியலின் எம்6, எம்7. பைனாகுலரை ஒரே இரவில் மூன்றின் மேலும் மாறி மாறித் திருப்புங்கள். எம்6-க்கு வயது சுமார் 10 கோடி ஆண்டு, எம்7-க்கு சுமார் 20 கோடி. எம்6-இன் விளிம்பில் ஆரஞ்சு விண்மீன் ஒன்று தனித்துத் தெரியும். எம்7-இலும் மஞ்சள் நிறம் கொண்ட ஒன்று உண்டு. வயதான கொத்துகளில் நடுத்தர நிறையுள்ள விண்மீன்கள் எரிபொருள் குறைந்து சிவந்து வீங்கிவிட்டன என்பதற்கு அவை சாட்சி. என்ஜிசி 6231-இல் அதற்கு இன்னும் காலம் வரவில்லை.

படி 7: கையாவின் தரவில் கொத்தை வரைதல்

மழைக்காலத்தில் செய்ய ஏற்ற வேலை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் அளந்த தரவு எல்லோருக்கும் இலவசம். மூன்றாம் வெளியீடு 2022 ஜூன் மாதம் வந்தது. கையா காப்பகத்தின் இணையதளத்தில் கொத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுத்து, கால் பாகை ஆரத்துக்குள் தேடச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கில் விண்மீன்கள் வந்து குவியும், பெரும்பாலானவை கொத்தைச் சேராதவை. கோப்பை இறக்கி டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் திறந்துகொள்ளுங்கள்.

பிரிப்பதற்கு இரண்டு சல்லடை. முதலாவது இடமாறு தோற்றம், அதாவது பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் சிறு கோணம். தொலைவு கூடினால் இது குறையும். 0.5 முதல் 0.7 மில்லி வில்நொடி வரை உள்ளவற்றை மட்டும் வையுங்கள். இரண்டாவது, வானத்தில் அவை நகரும் வேகமும் திசையும். இரண்டு நகர்வு எண்களையும் ஒன்றுக்கு எதிராக ஒன்று வரைந்தால், சிதறலின் நடுவே ஒரு அடர்த்தியான முடிச்சு தெரியும். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு உள்ளே இருப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாக நகரும் என்பதுதான் அடிப்படை. நெருங்கிய இரட்டைகளும் மிகப் பொலிவானவையும் சில சமயம் இந்தச் சல்லடையில் நழுவிவிடும். படி 4-இல் பார்த்த ஐந்தும் வந்திருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாவிட்டால் கையால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கிடைத்தவற்றின் நிறத்தைக் குறுக்கேயும் பொலிவெண்ணை நெடுக்கேயும் வைத்து வரையுங்கள், பொலிவானவை மேலே வருமாறு. இடது பக்கம் நீல விண்மீன்கள் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறி நிற்கும். கீழே இறங்க இறங்க, ஓரிடத்துக்குப் பிறகு கோடு வலப்பக்கம் அகன்று தடிக்கும். அங்கே இருப்பவை சூரியனை ஒத்த, அதைவிடச் சிறிய விண்மீன்கள். அவை இன்னும் சுருங்கி முடிக்கவில்லை, நிலையான எரிப்புக்கு வந்து சேரவில்லை. மேலே ஒருத்தர் வாழ்க்கையை முடிக்கப் போகிறார், கீழே அதே நாளில் பிறந்தவர்கள் இன்னும் எழுந்து உட்காரவே இல்லை. ஒரே வரைபடத்தில் இரண்டும் தெரிவதற்காகவே இந்தக் கொத்தை நான் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

சிறியவற்றை எண்ணுவதற்கு எக்ஸ் கதிர் உதவியது. இளம் விண்மீன்கள் எக்ஸ் கதிரில் நன்றாக மின்னும். சந்திரா விண்கலத்தின் தரவை வைத்து 2017-இல் வெளியான ஆய்வு, 2,148 விண்மீன்களைக் கொத்தின் உறுப்பினர்களாக இருக்கக்கூடியவை என்று பட்டியலிட்டது. அந்தக் கூட்டத்தில் ஓ வகை ஒரு கைப்பிடி அளவுதான். நம் கண்ணுக்கு வரும் ஒளியில் பெரும்பங்கு அந்தக் கைப்பிடியிலிருந்து வருகிறது.

படி 8: ஓடிப்போனதைத் தேடுதல்

கொத்தில் இப்போது இல்லாத ஒரு உறுப்பினரையும் பார்த்துவிடுங்கள். படி 2-இல் பார்த்த மியூ ஜோடிக்கு மறுபடி பைனாகுலரைத் திருப்பி, அங்கிருந்து நேர் கிழக்கே இரண்டரைப் பாகைக்குச் சற்றுக் குறைவாக நகர்த்துங்கள். பொலிவெண் ஆறரை உள்ள எச்டி 153919 அங்கே இருக்கிறது. பக்கத்தில் இதே பொலிவில் வேறு விண்மீன்களும் இருப்பதால் செயலியின் படத்தை ஒப்பிட்டே உறுதி செய்யுங்கள்.

இது ஓ வகைப் பேருருவம். 1970-களில் உஹுரு விண்கலம் பட்டியலிட்ட 4யு 1700−37 என்ற எக்ஸ் கதிர் மூலமும் இதுவும் ஒன்றுதான். இதைச் சுற்றி 3.4 நாளுக்கு ஒருமுறை கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை சுற்றுகிறது. நியூட்ரான் விண்மீனா கருந்துளையா என்பதில் விவாதம் தொடர்கிறது. கையா தந்த நகர்வு எண்களை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, இந்த ஜோடி ஏறத்தாழ 22 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்ஜிசி 6231-இலிருந்தே கிளம்பியது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. துணையாக இருந்த கனமான விண்மீன் அப்போது சூப்பர்நோவாவாக வெடித்து, ஜோடியையே நொடிக்கு 60 கிலோமீட்டர் அளவு வேகத்தில் உதைத்து வெளியே அனுப்பியிருக்கிறது. பைனாகுலரில் இந்த விண்மீனும் கொத்தும் ஒரே வட்டத்தின் எதிரெதிர் ஓரங்களில் நிற்கும்படி வைக்கலாம். இடைவெளி நாலரைப் பாகைக்குள்தான். 10×50 பைனாகுலரின் பார்வைப் பரப்பு பொதுவாக ஆறரைப் பாகை.